கடலுக்குப் பக்கத்தில் வீடு கட்டுகிறோம்: 550 கம்பி போட்டால் துரு பிடிக்காதா?

காலடிப்பேட்டைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். திருவொற்றியூரில், காலடிப்பேட்டை மெட்ரோவுக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் பழைய வீட்டை இடித்துவிட்டுத் தரைத்தளமும் மேலே இரண்டு மாடியும் கட்டப் போகிறோம். மொட்டைமாடியில் நின்றால் கடல் தெரியும்.

பழைய வீடு 90களில் அப்பா கட்டியது. முப்பது வருஷம்தான் ஆகிறது. சமையலறைக் கூரையில் பூச்சு பெயர்ந்து கம்பி வெளியே தெரிகிறது. விரலால் தேய்த்தால் ஏடு ஏடாக உதிர்கிறது. பாத்ரூம் மேலே சன்ஷேடு பாதி விழுந்தே விட்டது. அதே கதி புது வீட்டுக்கும் வரக் கூடாது என்பதுதான் என் கவலை.

இப்போது பேசி வைத்திருக்கும் காண்ட்ராக்டர், "550 கம்பி போடுறேன் சார், துருவே பிடிக்காது, பயப்படாதீங்க" என்கிறார். 500க்கும் 550க்கும் கிலோவுக்குக் கொஞ்சம் விலை வித்தியாசம் இருக்கிறது. அதைக் கொடுக்க நான் தயார். கொடுத்தால் நிஜமாகவே பிரச்சினை தீருமா? கட்டிடத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

சாத்தாங்காடு இரும்பு:

தம்பி, நான் கம்பி விற்கிறவன். முன்னே செம்புதாஸ் தெருவில் கடை, இப்போது சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில். அதிக விலைக் கம்பி விற்றால் எனக்கு லாபம்தான், ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன். 500, 550 என்பதெல்லாம் பலத்தின் கணக்கு. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன் இழுவை வரைக்கும் கம்பி நிரந்தரமாக நீளாமல் தாங்கும் என்று அர்த்தம். துருவுக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே கிடையாது. உப்புக்காற்றில் வெறுமனே போட்டு வைத்தால் 415ம் துருப்பிடிக்கும், 600ம் துருப்பிடிக்கும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. கம்பி மேலேயே கம்பெனிப் பெயரும் கிரேடும் புடைப்பாக உருட்டியிருக்கும். அதோடு கட்டில் தொங்கும் சீட்டில் ஐஎஸ்ஐ முத்திரையும் கம்பிக்கான இந்தியத் தர விதியின் எண்ணான ஐஎஸ் 1786ம் லைசென்ஸ் எண்ணும் இருக்கும். அந்த லைசென்ஸ் எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டுப் பார்த்தால் யாருடையது, நடப்பில் உள்ளதா என்று தெரிந்துவிடும்.

அடுத்தது எடை. விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ. 12 மீட்டர் முழு நீளம் என்றால் 10.66 கிலோ. இந்த 12 மி.மீ. அளவுக்கு மொத்த லாட்டில் 5 சதவீதம் வரை கூடக் குறைய இருக்கலாம் என்று ஐஎஸ் 1786 அனுமதிக்கிறது. அதற்குக் கீழே போனால் அது குறைக் கம்பி.

"நான் எடை போட்டுத்தானே வாங்குறேன், எடை குறைஞ்சா எனக்கென்ன நஷ்டம், கூட நாலு கம்பி வரும்" என்று நிறைய பேர் கேட்பார்கள். டிராயிங்கில் பில்லருக்கு எட்டுக் கம்பி என்று போட்டிருந்தால் எட்டுதான் உள்ளே போகும். மிச்சமான நாலு கம்பி வெளியே கிடக்கும். பில்லருக்குள் இரும்பு குறைந்திருக்கும். அதனால் இறக்கும்போதே ஒவ்வொரு அளவிலும் ஒரு கம்பியை நீளம் அளந்து தராசில் போட்டுப் பாருங்கள். ஒழுங்கான கடைக்காரர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வரைபடம்:

நான் ஸ்ட்ரக்சுரல் டிசைன் செய்கிறேன். அண்ணன் சொன்னதற்கு மேலே ஒன்று. உங்கள் வீட்டுக்கு 550ஐ விட 500டி பொருத்தம். அந்த 'டி' கம்பி எவ்வளவு நீளக் கொடுக்கும் என்பதைக் குறிப்பது. உடைவதற்கு முன் 500 கம்பி குறைந்தது 12 சதவீதம் நீள வேண்டும், 550க்கு 10 சதவீதம் போதும், 500டிக்கு 16 சதவீதம். கந்தகமும் பாஸ்பரஸும் 500டியில் இன்னும் கட்டுப்பாடாக இருக்கும்.

2002ல் நில அதிர்வு வரைபடத்தைத் திருத்தியபோது சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றினார்கள். கட்டிடம் ஆடும்போது கம்பி பட்டென்று அறுந்து போகாமல் நீண்டு கொடுத்தால்தான் உள்ளே இருப்பவர்கள் வெளியே ஓட நேரம் கிடைக்கும். அதற்குத்தான் 'டி'.

துரு விஷயத்தில் நீங்கள் பார்க்க வேண்டியது கவர். அதாவது கம்பிக்கும் காங்கிரீட்டின் வெளிப்பரப்புக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் காங்கிரீட் இருக்கிறது என்பது. உங்கள் காண்ட்ராக்டரிடம் எத்தனை கவர் வைப்பார் என்று கேட்டீர்களா? டிராயிங் யார் போட்டது?

காலடிப்பேட்டைக்காரன்:

மேடம், பிளான் அப்ரூவலுக்குப் போட்ட டிராயிங்தான் இருக்கிறது. கம்பிக்குத் தனியாக எதுவும் இல்லை. மேஸ்திரியைக் கேட்டேன். "ரூஃபுக்கு முக்கால் இஞ்ச், பில்லருக்கு ஒன்றரை இஞ்ச், எல்லா வீட்டுக்கும் அதான்" என்றார். சதுர அடிக்கு நாலு கிலோ கம்பி என்று கணக்குச் சொல்கிறார்.

வரைபடம்:

முதலில் ஸ்ட்ரக்சுரல் டிராயிங் வாங்குங்கள். சதுர அடிக்கு நாலு கிலோ என்பது பட்ஜெட் போட உதவும். எந்த பீமில் மேலே எத்தனை, கீழே எத்தனை என்று அது சொல்லாது. வீட்டுச் செலவில் அந்த டிராயிங்குக்கான கட்டணம் சின்னத் தொகை. அது இல்லாமல் அஸ்திவாரம் தோண்ட விடாதீர்கள்.

பழைய துறைமுகம்:

துறைமுகத்தில் கடல்சார் கட்டுமானத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவன். இந்தக் கேள்வியை வடசென்னையில் வீடு கட்டும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிமென்ட் காங்கிரீட் காரத்தன்மை மிகுந்தது. காரத்தின் அளவைக் காட்டும் பிஎச் எண் அதில் 12, 13 இருக்கும். அந்தக் காரத்துக்குள் இருக்கும் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகிக் கம்பியைக் காக்கிறது. நல்ல காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை ஐம்பது வருஷம் கழித்து உடைத்து எடுத்தாலும் சாம்பல் நிறம் மாறாமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

இந்தப் படலம் இரண்டு வழியில் கெடும். ஒன்று, காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல உள்ளே இறங்கிக் காரத்தைக் குறைப்பது. பிஎச் 9க்குக் கீழே போனால் படலம் நிற்காது. இரண்டாவது உப்பு. கடல் உப்பிலுள்ள குளோரைடு நீரோடு கசிந்து கம்பியைத் தொட்டால், காரம் குறையாமலேயே படலத்தை அங்கங்கே ஓட்டை போடும். இது மோசமானது, ஏனென்றால் கம்பி முழுக்க ஒரே சீராகத் தேயாமல் ஓரிடத்தில் குழி விழும். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் நமக்கு இரண்டுமே உண்டு. கிழக்கே கடல், வடக்கிலும் மேற்கிலும் அனல்மின் நிலையமும் மணலி ஆலைகளும்.

துரு வந்ததும் அது இருந்த இரும்பைப் போல இரண்டிலிருந்து ஆறு மடங்கு இடம் கேட்கும். காங்கிரீட்டுக்குள் அதற்கு இடம் ஏது? உள்ளிருந்தே பிளக்கும். கம்பி ஓடும் கோட்டிலேயே நேராக விரிசல் வருவது அதனால்தான். விரிசல் வந்த பிறகு உப்புத் தண்ணீருக்குக் கதவு திறந்துவிட்ட மாதிரி, அதன் பிறகு வேகம் கூடிக்கொண்டே போகும்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். 12 மி.மீ. கம்பி சுற்றிலும் ஒரே ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால் 10 மி.மீ. ஆகிறது. பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் குறுக்குப் பரப்பில் 31 சதவீதம் போய்விட்டது. உங்கள் அப்பா வீட்டில் ஏடு ஏடாக உதிர்வது அதுதான்.

காங்கிரீட்டுக்கான இந்திய விதிநூல் ஐஎஸ் 456 இதற்கு நேரான பதில் வைத்திருக்கிறது. கடலோரச் சூழலில் வெளிப்பட்டிருக்கும் காங்கிரீட்டைக் 'கடுமையான' வகையில் வைக்கிறது. அதற்குக் குறைந்தது எம் 30 காங்கிரீட் (எம் என்பது காங்கிரீட்டின் பலத்தைக் காட்டும் தரம், எண் கூடினால் பலம் கூடும்), 45 மி.மீ. கவர், தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.45க்கு மேல் போகக் கூடாது, ஒரு கனமீட்டருக்கு 320 கிலோ சிமென்டாவது இருக்க வேண்டும். கடல்நீர்த் தெறிப்பு நேரடியாகப் படும் இடம் என்றால் 50 மி.மீ. மேஸ்திரி சொன்ன முக்கால் இஞ்ச் என்பது 19 மி.மீ. உள்நாட்டில், மழை படாத அறைக்குள் இருக்கும் காங்கிரீட்டுக்கே பொதுவாக 20 கேட்கிறது ஐஎஸ் 456.

0.45 என்றால் 50 கிலோ மூட்டைக்கு 22.5 லிட்டர் தண்ணீர், அவ்வளவுதான். மணலில் இருக்கும் ஈரத்தையும் அதில் கழிக்க வேண்டும். வாளிக் கணக்கில் ஊற்றிக் கஞ்சி மாதிரி கலக்கினால் வெளியேறும் தண்ணீர் விட்டுப் போகும் நுண்துளைகள் வழியாகத்தான் உப்பு இறங்கும். 550 கம்பிக்குக் கொடுக்க நினைத்த பணத்தை நல்ல காங்கிரீட்டுக்குக் கொடுங்கள்.

வரைபடம்:

ஐயா சொன்னதில் பெரும்பகுதி சரி. ஒரே ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். வீட்டுக்குள் இருக்கும் ரூஃபின் அடிப்பக்கத்துக்கும் 45 வைக்க வேண்டும் என்பதில்லை. உப்புக்காற்று நேராகப் படாமல் மறைவாக இருக்கும் பரப்பை ஐஎஸ் 456 'மிதமான' வகையில் வைத்து 30 மி.மீ. கவர் கேட்கிறது. வழக்கமான 5 இஞ்ச் ரூஃபில் கீழே 45 விட்டால் கம்பி கிட்டத்தட்ட நடுவுக்கு வந்துவிடும், அதன் வேலை சரியாக நடக்காது. ரூஃபைக் கனமாக்க வேண்டும், பாரம் ஏறும், பீமும் அஸ்திவாரமும் சேர்ந்து பெரிதாகும். வெளிப் பில்லர், பால்கனி, சன்ஷேடு, தண்ணீர்த் தொட்டி, மொட்டைமாடித் தளம் இவற்றுக்கு 45. உள்ளறைக் கூரைக்கு 30. நான் அப்படித்தான் போடுவேன்.

பழைய துறைமுகம்:

அம்மா, காகிதத்தில் நீங்கள் சொல்வது சரி. திருவொற்றியூரில் உள்ளறை என்று எதைச் சொல்வீர்கள்? சாயந்திரம் கடற்காற்றுக்காக எல்லா ஜன்னலையும் திறந்து வைக்கிற ஊர் இது. கேள்வி கேட்டவர் வீட்டிலேயே முதலில் போனது சமையலறைக் கூரை. ஆவியும் ஈரமும் கீழேயிருந்து ஏறும், காற்றில் உப்பு. அறைக்குள் இருப்பதால் அது மறைவான இடம் ஆகிவிடாது.

வரைபடம்:

சமையலறை, பாத்ரூம் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன் ஐயா. ஈரமும் உலர்வும் மாறி மாறி வரும் இடம் என்று அதையும் 'கடுமையான' வகையிலேயே சேர்த்துவிடலாம். ஒரு வழி இருக்கிறது. காங்கிரீட்டை எம் 35 ஆக்கினால் 45ல் 5 மி.மீ. குறைக்க ஐஎஸ் 456 அனுமதி தருகிறது. 150 மி.மீ. ரூஃப், 40 மி.மீ. கவர், எம் 35. இந்த வீட்டு அளவுக்கு அது தாங்கும். படுக்கையறைக் கூரைக்கு நான் 30லேயே நிற்கிறேன்.

கம்பிக்கட்டு:

நான் கம்பி பிட்டர். டிராயிங்கில் 45 என்று எழுதிவிட்டால் வேலை முடிந்துவிடாது சார். களத்தில் அந்த 45 எங்கே தொலைகிறது என்று சொல்கிறேன்.

முதல் விஷயம், கவர் விடுவதற்காக வைக்கும் சின்னக் கட்டையான கவர் பிளாக்கை, மெயின் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குக்கு வெளியே கட்ட வேண்டும். மெயின் கம்பியிலிருந்து அளந்து 45 விட்டால், அதைச் சுற்றி 8 மி.மீ. ரிங் போனதும் மிச்சம் 37தான். முதலில் துருப்பிடிப்பது ரிங்தான். பில்லர் மூலையில் உடைந்து தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள், உள்ளே ரிங் அறுந்திருக்கும்.

இரண்டாவது, கவர் பிளாக் என்று கருங்கல் சில்லு, டைல்ஸ் துண்டு, சில இடத்தில் வெட்டி மிச்சமான கம்பித் துண்டையே வைத்துவிடுவார்கள். அந்தத் துண்டு, காங்கிரீட்டைத் தாங்க அடியில் போடும் சென்ட்ரிங் ஷீட்டில் நேராக உட்கார்ந்திருக்கும். ஷீட்டைப் பிரித்ததும் அதன் முனை கூரையில் வெளியே தெரியும். அங்கே துரு ஆரம்பித்து நேராக மெயின் கம்பிக்கு ஏறும். நல்ல காங்கிரீட்டில் வார்த்த பிளாக், இல்லையென்றால் கடையில் விற்கும் ரெடிமேட் பிளாக், மீட்டருக்கு ஒன்று தவறாமல் வேண்டும். மணலும் சிமென்டும் ஏனோதானோ என்று கலந்து வார்த்த பிளாக் ஸ்பாஞ்சு மாதிரி தண்ணீர் குடிக்கும், அதுவும் ஆகாது.

மூன்றாவது, கட்டுக்கம்பியின் வால். முறுக்கி முடித்ததும் முனை கீழே ஷீட்டைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். அதை உள்பக்கமாக மடக்கிவிட வேண்டும். மடக்காவிட்டால் ஒரு மழைக்காலம் முடிந்ததும் கூரையில் பொட்டுப் பொட்டாகப் பழுப்புக் கறை வரும்.

நான்காவது ஆட்கள் நடமாட்டம். ரூஃப் போடும் அன்று பத்துப் பதினைந்து பேர் கம்பி மேலேயே நடப்பார்கள். மேல்கம்பி கீழே அமுங்கிவிடும். பால்கனிக்கு அது ஆபத்து, ஏனென்றால் பால்கனியில் பாரத்தைத் தாங்குவதே மேல்கம்பிதான். கம்பியை வளைத்துச் செய்த முட்டு, நாங்கள் சேர் என்போம், அதைப் போட்டு மேல்கம்பியை நிறுத்துங்கள், நடக்கப் பலகை போடுங்கள். அன்றைக்கு வீட்டுக்காரர் யாராவது ஒருவர் அங்கேயே நிற்க வேண்டும்.

ரிங்கின் கொக்கியையும் பாருங்கள். 90 டிகிரியில் மடக்கி விடுவது எங்களுக்குச் சுலபம், சீக்கிரம் முடியும். 135 டிகிரிக்கு மடக்கி முனை பில்லருக்குள் போக வேண்டும், குறைந்தது 65 மி.மீ. நீளம் உள்ளே இருக்க வேண்டும். அப்போதுதான் பில்லர் ஆடும்போது ரிங் வாய் திறக்காது. எங்கள் ஆட்களுக்கு இதற்குக் கூலி கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள், முகம் சுளிக்காமல் செய்வார்கள்.

தண்டையார்பேட்டை செல்வி:

நான் இன்ஜினியர் இல்லை. எங்கள் குடியிருப்பில் 30 வருஷக் கட்டிடம், சங்கச் செயலாளராக இருந்து பழுதுபார்ப்பு வேலையைக் கூட நின்று பார்த்தவள். பழைய வீட்டில் இன்னும் வாழ்கிறவர்களுக்காக எழுதுகிறேன். எல்லோராலும் இடித்துக் கட்ட முடியாது.

2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் வாரியக் குடியிருப்பு பிளாக் ஒன்று, 24 வீடுகள், அப்படியே சரிந்தது. முன்கூட்டியே விரிசலைப் பார்த்து ஜனங்கள் வெளியே வந்துவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. அந்தக் கட்டிடம் ஏன் விழுந்தது என்று பேச எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் அந்தச் செய்தி வந்த பிறகுதான் எங்கள் பிளாக்கில் எல்லோரும் நிமிர்ந்து கூரையைப் பார்த்தோம். விரிசல் பெரிதாகிறது, கதவு திடீரென்று இறுகுகிறது, தூணில் மண் கொட்டுகிறது என்றால் தயவுசெய்து குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிடுங்கள். சாமான் அப்புறம்.

எங்களுக்கு வந்த பரிசோதனைக்காரர்கள் சின்ன சுத்தியால் கூரை முழுக்கத் தட்டிக்கொண்டே போனார்கள். நல்ல இடத்தில் கெட்டியாக 'டங்' என்கிறது. உள்ளே பிளந்த இடத்தில் 'பொத்' என்று கேட்கிறது. அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போட்டார்கள். பிறகு ஓரிடத்தில் உடைத்து ஒரு மருந்தைத் தெளித்தார்கள், பினாப்தலீன் என்றார்கள். காரம் இருக்கும் காங்கிரீட் ரோஸ் நிறமாக மாறியது, காரம் போன வெளிப்பகுதி நிறம் மாறவே இல்லை. ரோஸ் ஆரம்பிக்கும் கோட்டுக்கு வெளியே கம்பி இருந்தது. அதைப் பார்த்த பிறகு யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அதே போல வோல்ட் மீட்டர் மாதிரி ஒன்றை வைத்துக் கூரை நெடுக அளந்து, எங்கே துரு நடந்துகொண்டிருக்கிறது என்று வரைபடமும் கொடுத்தார்கள்.

ஒரு முறை அதற்கு முன்பு, உள்ளூர் ஆள் ஒருவரை வைத்து, கம்பி மேலேயே சிமென்ட் பூசி வெள்ளை அடித்தோம். இரண்டாவது மழைக்குள் பூசின இடத்துக்குப் பக்கத்திலேயே புதிதாகப் பெயர்ந்தது. ஏன் பக்கத்தில் என்று எனக்கு இன்னமும் புரியவில்லை. ஐயா சொல்வீர்களா?

பழைய துறைமுகம்:

நல்ல கேள்வி அம்மா. துரு என்பது மின்வேதி வினை. கம்பியில் ஓரிடம் கரையும், அதோடு தொடர்புள்ள இன்னோரிடம் கரையாமல் காக்கப்படும். பூசும் முன் கெட்டுப் போயிருந்த இடம் தான் கரைந்து, பக்கத்துக் கம்பியைக் காத்துக்கொண்டிருந்தது. அங்கே உப்பில்லாத புதுச் சிமென்ட் பூசியதும் அந்த இடம் காப்பாற்றப்பட்டுவிட்டது. சுற்றியுள்ள பழைய காங்கிரீட்டில் உப்பு அப்படியே இருக்கிறது, இனி கரைவது அந்தப் பகுதியின் முறை. அதனால் ஒட்டுப் போட்ட இடத்தின் விளிம்பிலேயே அடுத்த பெயர்ச்சி வரும்.

முறையான வேலை என்றால் கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவுக்குக் காங்கிரீட்டைக் கொத்தி எடுக்க வேண்டும். 'பொத்' என்று கேட்ட இடத்தோடு நிறுத்தாமல் நல்ல கம்பி தெரியும் வரை போக வேண்டும். கம்பியைப் பளிச்சென்று இரும்பு தெரியும்படி தேய்த்து, நன்றாகத் தேய்ந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்துக் கட்டி, பாலிமர் கலந்த மோர்ட்டாரால் அடைக்க வேண்டும். உப்பு அதிகம் ஏறிய கட்டிடத்தில் ஒட்டுப் போடும் விளிம்பில் துத்தநாகக் கட்டிகளைக் கம்பியோடு கட்டி வைப்பார்கள். இரும்புக்குப் பதில் துத்தநாகம் கரையும். கப்பலின் அடியில் துத்தநாகக் கட்டி பொருத்துவதும் இதே காரணத்துக்குத்தான். கொத்துவதற்கு முன் கூரைக்கு முட்டுக் கொடுக்க மறக்காதீர்கள்.

விம்கோ நகர்:

இவ்வளவு சிரமம் எதற்கு? பச்சைக் கலர் எபாக்ஸி பூசிய கம்பி கிடைக்கிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியும் வருகிறது. இன்னும் சொல்லப்போனால், ஆங்கில 'I' வடிவ இரும்பு உத்திரம் (ஐ செக்ஷன்) போட்டு போல்ட் முடுக்கி இரும்பிலேயே வீட்டை நிறுத்திவிடலாம். ராயபுரம் ஸ்டேஷன் 1856லிருந்து நிற்கிறது. பழைய வண்ணாரப்பேட்டை வீடுகளில் தண்டவாளத்தை உத்திரமாகப் போட்டிருக்கிறார்கள். இரும்பு கண்ணுக்குத் தெரிந்தால் துருவும் கண்ணுக்குத் தெரியும், பெயின்ட் அடித்துக்கொள்ளலாம். காங்கிரீட்டுக்குள் மறைத்து வைப்பதுதானே பிரச்சினை?

வரைபடம்:

கண்ணுக்குத் தெரிந்தால் பராமரிக்கலாம் என்பது நல்ல வாதம். குடோன், கடை, மொட்டைமாடி ஷெட் இவற்றுக்கு நானும் இரும்புச் சட்டம்தான் சொல்வேன். வேலை சீக்கிரம் முடியும், பாரம் குறைவு, பிற்பாடு கழற்றி விற்கலாம். வீட்டுக்கு வரும்போது இரண்டு தயக்கம். ஒன்று தீ. வெப்பம் 550, 600 டிகிரியைத் தொட்டால் இரும்பு தன் பலத்தில் பாதியை இழந்துவிடும். அதைத் தடுக்கப் பூச்சோ பலகையோ வைத்து மூட வேண்டும், அப்படி மூடினால் துரு மறுபடி கண்ணுக்கு மறைந்துவிடும். இரண்டு, பெயின்ட். கடலோரத்தில் சில வருஷத்துக்கு ஒருமுறை சுரண்டித் தேய்த்து அடிக்க வேண்டும். சுவரோடு ஒட்டிய பக்கத்துக்கு பிரஷ் எட்டாது.

பழைய துறைமுகம்:

எபாக்ஸி பற்றி. அமெரிக்காவில் ஃப்ளோரிடா கீஸ் தீவுப் பாலங்களில் அந்தக் கம்பியைத்தான் போட்டார்கள். கட்டிப் பத்து வருஷம் முடிவதற்குள், 80களிலேயே, கடல் தெறிக்கும் பகுதித் தூண்களில் துரு வந்துவிட்டது. பூச்சு முழுசாக இருந்தால் நல்ல கம்பி. ஆனால் லாரியில் இழுத்து, தரையில் உருட்டி, முளையில் வைத்து வளைக்கும்போது கீறல் விழும். அந்தக் கீறலில் துரு முழுவதும் குவிந்து ஆழமாகக் குழி பறிக்கும். வீட்டு வேலையில் ஒவ்வொரு கீறலையும் தேடிப் பூச்சுத் தொடுவதற்கு யார் இருக்கிறார்கள்? வழவழப்பால் காங்கிரீட்டோடு பிடிப்பும் குறையும், இரண்டு கம்பி ஒன்றன்மேல் ஒன்று சேரும் ஒட்டு நீளத்தையும் அதிகமாக வைக்க வேண்டும். காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் சிமென்டும் பாலிமரும் கலந்த பூச்சு ஒன்றை உருவாக்கித் தந்திருக்கிறது. சின்னக் காயத்தை அது கொஞ்சம் தாங்கும். அதையும் கம்பியை வளைத்த பிறகு பூசுவதுதான் நல்லது.

ஸ்டெயின்லெஸ் பற்றி மறுப்பே இல்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் பாலத்தில் ஸ்டெயின்லெஸ் கம்பி போட்டிருக்கிறார்கள், மேலே இரும்புக்குப் பாலிசிலாக்சேன் பெயின்ட். நூறு வருஷத்துக்கு மேல் உழைத்த 1914ம் வருஷப் பாலம் பக்கத்திலேயே உப்பில் என்ன பாடுபட்டது என்று பார்த்தவர்கள் எடுத்த முடிவு அது. கடலுக்குள் கால் ஊன்றும் பாலத்துக்கு அந்த விலை தகும். மூன்று தள வீட்டுக்கு 45 மி.மீ. கெட்டிக் காங்கிரீட்டே அந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடும், விலையும் கட்டுப்படியாகும். உங்கள் வீட்டு வாசலில் போகும் விம்கோ நகர் மெட்ரோ மேம்பாலத் தூண்களும் இதே கடற்காற்றில்தான் நிற்கின்றன.

காலடிப்பேட்டைக்காரன்:

ஐயா, மேடம், அண்ணே, எல்லோருக்கும் நன்றி. ஸ்ட்ரக்சுரல் டிராயிங்குக்குச் சொல்லிவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். எங்கள் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும், அதிலேயே கலக்கலாம் என்கிறார்கள். அப்புறம், மூன்றாவது மாடி பிற்பாடு தம்பிக்காகக் கட்ட வேண்டி வரலாம். பில்லர் கம்பியை மேலே விட்டு வைக்கலாமா?

பழைய துறைமுகம்:

போர் தண்ணீரில் கலக்கவே கலக்காதீர்கள். வெளியிலிருந்து உப்பு வராமல் 45 மி.மீ. சுவர் எழுப்பிவிட்டு, முதல் நாளே கம்பியோடு உப்பை வைத்து மூடுவதா? கம்பி போட்ட காங்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது. ஒரு பாட்டிலில் பிடித்து லேபில் கொடுத்தால் சொல்லிவிடுவார்கள். மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே ஏறிவிட்டது, கடலை ஒட்டிய உங்கள் தெருவில் கேட்கவே வேண்டாம். தண்ணீர் லாரிக்குச் செலவு செய்யுங்கள். நனைப்பதற்கும் அந்த லாரித் தண்ணீர்தான். கூரை மேல் பாத்தி கட்டி உப்புத் தண்ணீர் தேக்கினால் அது நேராக உள்ளேதான் இறங்கும்.

சிமென்டில் ஸ்லாக் (இரும்பு உலைக் கசடு) கலந்ததோ அனல்மின் நிலையச் சாம்பல் கலந்ததோ வாங்கினால் உப்பு இறங்குவது குறையும். ஆனால் அதற்குக் குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 நாள் நனைக்க வேண்டும். ரெடிமிக்ஸ் வாங்கினால் எம் 30, எம் 35 என்று சீட்டில் இருக்கிறதா பாருங்கள். லாரி வந்து நின்ற பிறகு "ஓடலை" என்று தண்ணீர் ஊற்ற யாரையும் விடாதீர்கள்.

சாத்தாங்காடு இரும்பு:

கம்பி இறக்கியதும் தரையில் போடாதீர்கள். கட்டை அடுக்கி அதன் மேல் போட்டு, காற்று போகும்படி தார்ப்பாய் மூடுங்கள். தேவைக்குத் தகுந்த மாதிரி தவணை தவணையாக வாங்குங்கள், மொத்தமாக வாங்கி ஆறு மாசம் உப்புக்காற்றில் வைக்க வேண்டாம். லேசான பழுப்பு நிறத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. செதில் செதிலாக உதிர்கிற மாதிரி இருந்தால் கம்பி பிரஷ் போட்டு, நல்ல தண்ணீரில் கழுவிவிட்டுக் கட்டச் சொல்லுங்கள்.

கம்பிக்கட்டு:

மொட்டைமாடியில் விட்டு வைக்கும் கம்பி பற்றி. நம் ஊரில் தெருவுக்குத் தெரு பில்லர் தலையில் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது, பத்து வருஷம் பதினைந்து வருஷம். மேலே தெரிகிற துரு இருக்கட்டும், அந்தக் கம்பி காங்கிரீட்டுக்குள் நுழையும் இடத்தில்தான் மழைத்தண்ணீர் தேங்கிக் கழுத்து மெலிந்திருக்கும். அந்தக் கழுத்தை நம்பித்தான் மேல்மாடியை நிறுத்தப் போகிறோம்.

ஓரிரு வருஷத்தில் கட்டப் போகிறீர்கள் என்றால் விடலாம். கம்பியில் கெட்டியாகச் சிமென்ட் பால் அடித்து, சுற்றிலும் பலம் குறைந்த காங்கிரீட்டால் ஒரு குட்டித் தூண் மாதிரி மூடிவிடுங்கள், தலையில் தண்ணீர் நிற்காமல் சரிவு கொடுங்கள். கட்டும்போது அதை உடைத்து எடுத்துவிடலாம். அதற்கு மேல் காலம் ஆகும் என்றால் விட வேண்டாம். பிற்பாடு பில்லர் தலையைக் கொத்தி நல்ல கம்பியை எடுத்து ஒட்டுப் போட்டுக்கொள்ளலாம், இல்லையென்றால் துளை போட்டு கெமிக்கல் வைத்துப் புதுக் கம்பி நடலாம். எதைச் செய்தாலும் மேடம் மாதிரி ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகு செய்யுங்கள். மூன்றாவது மாடியின் பாரத்தையும் சேர்த்தே அஸ்திவாரத்துக்குக் கணக்குப் போடச் சொல்லிவிட்டீர்களா? டிராயிங் வரும் முன்பே இன்றைக்கே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள் தம்பி.

காலடிப்பேட்டைக்காரன்:

சொல்லவில்லை அண்ணே. இப்போதே கூப்பிடுகிறேன்.